‘ஒன்றும் பெருமிகை’: திருவதிகைக் கோயிலில் முப்புரம் எரித்த கோலத்தைப் படித்தல்

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி நகரை ஒட்டிக் கெடிலத்தின் வடகரையில் இருக்கிறது திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில். சிவபெருமான் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் அட்டவீரட்டத் தலங்கள் எட்டில் இது முப்புரம் எரித்த தலம். கண்டியூரில் பிரமனின் தலை கொய்யப்பட்டது, கடவூரில் எமன் உதைபட்டான், வழுவூரில் யானை உரிக்கப்பட்டது என்று மற்றத் தலங்களின் கதைகள் பெரும்பாலும் கையாலும் காலாலும் நிகழ்ந்த செயல்களாக இருக்க, அதிகையின் கதை மட்டும் ஒரு சிரிப்பில் முடிகிறது. உதைக்கும் காலைக் கல்லில் செதுக்கிவிடலாம். உரித்த தோலை விரித்துக் காட்டிவிடலாம். ஊரையே எரித்த சிரிப்பைக் காட்ட ஒரு சிற்பி எதைச் செதுக்குவான்? அதிகையின் சிற்பங்களையும் அவற்றோடு உறவுடைய பிற கோயில்களின் சிற்பங்களையும் இந்தக் கேள்வியோடு அணுகும்போது, அவற்றில் உள்ள குறியீடுகள் பல தாமே விளங்கத் தொடங்குகின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாரகாசுரனின் மைந்தர் மூவரும் பொன்னாலும் வெள்ளியாலும் இரும்பாலும் ஆன மூன்று பறக்கும் கோட்டைகளை வரமாகப் பெற்றனர். அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே நேர்கோட்டில் வரும் நொடியில், ஒற்றை அம்பால் மட்டுமே அவற்றை அழிக்க முடியும். தேவர்கள் வேண்ட, சிவன் தேரேறினான். நிலமே தேர்; ஞாயிறும் திங்களும் சக்கரங்கள்; நான்மறைகள் குதிரைகள்; பிரமன் தேர்ப்பாகன்; மேரு வில்; வாசுகி நாண்; திருமால் அம்பு; தீக்கடவுளான அங்கி அம்பின் முனை. பாரதத்தின் கர்ண பருவத்தில் விரியும் இக்கதை தமிழுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஒன்றன்று. புறநானூற்றின் 55ஆம் பாட்டே ‘ஓங்குமலைப் பெருவில் பாம்புஞாண் கொளீஇ, ஒருகணை கொண்டு மூவெயில் உடற்றி’ என்று மலைவில்லையும் பாம்பு நாணையும் ஒற்றைக் கணையையும் இரண்டே அடிகளில் அடுக்கிவிடுகிறது. கோயிற்சுவரில் இக்கோலத்தைச் செதுக்கிய பல்லவ, சோழச் சிற்பிகளுக்கும் அதைப் பார்க்க வந்தவர்களுக்கும் வில்லும் அம்பும் தேரும் முன்பே மனத்தில் பதிந்திருந்தன. ஆகவே சிற்பி கதையைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதையில் எந்தக் கணத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

திரிபுராந்தக மூர்த்தி என்று வழங்கும் இந்த வடிவத்துக்கு ஆகமங்கள் எட்டு வகை இலக்கணம் சொல்கின்றன. பொதுவாகப் பின்கைகள் இரண்டில் மழுவும் மானும் இருக்கும். முன்கைகளில் ஒன்று வில்லைப் பிடித்த நிலையிலும் மற்றது அம்பை ஏந்திய நிலையிலும் அமையும். ஒரு காலை மடக்கி ஒரு காலைப் பின்னே நீட்டி நிற்பது ஆலீடம் எனப்படும். போர்வீரன் அம்பு தொடுக்கும் நிலை அது. சில வடிவங்களில் இடக்கால் முயலகன் என்னும் குள்ள அசுரன் மேல் ஊன்றியிருக்கும். கற்சிற்பத்தில் வில்லும் உருவத்தோடு சேர்த்தே செதுக்கப்படுவதுண்டு. செப்புத் திருமேனிகளில் வில்லைத் தனியே வார்த்துக் கையில் பொருத்துவார்கள். நூற்றாண்டுகள் கடந்த நிலையில் பெரும்பாலான திருமேனிகளில் அந்த வில் தொலைந்துவிட்டது. தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள சோழர் காலத் திரிபுராந்தகரின் கைகளிலும் இன்று வில் இல்லை. விரல்கள் மட்டும் ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பது போல வளைந்திருக்கின்றன. காணாமற்போன உறுப்பு ஒன்றினால் சிற்பம் குறைபட்டுப்போனதாக எவருக்கும் தோன்றுவதில்லை என்பது கவனிக்கத் தக்கது. இந்த மூர்த்தியின் பொருள் முழுவதும் வில்லில் அடங்கியிருந்தால் அந்தக் கைகள் வெறுமையாகத் தெரிந்திருக்கும். அப்படித் தெரியாமைக்குக் காரணம் முகத்தில் இருக்கிறது.

அந்த முகத்தில் சினம் இல்லை. கண்கள் உருட்டி விழிக்கவில்லை, பற்கள் வெளித்தெரியவில்லை, உதட்டோரத்தில் மெல்லிய நகை மட்டும் உண்டு. யானையை உரிக்கும் கோலத்திலும் அந்தகனைக் குத்தும் கோலத்திலும் சிற்பிகள் முகத்துக்குக் கடுமை கூட்டியிருக்கிறார்கள். பைரவருக்குக் கோரைப் பற்களே உண்டு. முப்புரம் எரித்த கோலத்துக்கு மட்டும் இந்த அமைதி ஏன் என்றால், அம்பு பாயும் முன்பே கோட்டைகள் எரிந்துவிட்டன என்ற மரபுதான் காரணம். வில்லை வளைத்த இறைவன் எய்யவில்லை, சிரித்தான், மூன்று ஊரும் நீறாயின. மணிவாசகர் தில்லையில் பாடியதாகக் கொள்ளப்படும் திருவுந்தியாரில், பெண்கள் உந்தி பறந்து விளையாடும் பாட்டாக இந்தச் செய்தியைக் கேலி கலந்து வைக்கிறார்:

‘ஈரம்பு கண்டிலம் ஏகம்பர் தங்கையில்
ஓரம்பே முப்புரம் உந்தீபற
ஒன்றும் பெருமிகை உந்தீபற.’

இரண்டாவது அம்பை நாம் பார்க்கவில்லை, இருந்தது ஓரம்புதான், அந்த ஒன்றுகூட மிகை. பாட்டின் இந்த மூன்றாம் அடி திரிபுராந்தகச் சிற்பத்துக்கு எழுதிய உரையாகவே எனக்குப் படுகிறது. மிகையாகிப் போன அம்பைத்தான் சிற்பி கையில் கொடுத்திருக்கிறான். அது கையை விட்டுப் போவதில்லை. நாணை இழுத்த கணத்துக்கும் விடும் கணத்துக்கும் இடையில், விட வேண்டிய தேவை இல்லாமற் போன அந்த நொடியே கல்லில் நிற்கிறது. தில்லைக் கூத்தனின் ‘குமிண்சிரிப்பை’ அப்பர் பாடியதை அறிந்தவர்கள் இந்த வில்லாளியின் உதட்டிலும் அதே சிரிப்பைக் காணலாம். ஆடுகிறவனும் அழிக்கிறவனும் ஒரே முகத்தோடு இருக்கிறார்கள் என்பது சிற்ப மரபு நெடுங்காலம் விடாமற் காத்த முடிவு.

இனி விமானத்தைப் பார்க்க வேண்டும். திருவதிகை விமானம் தேர் வடிவில் அமைந்தது என்பது ஊரார் கூற்று. தேர்த் திருவிழா என்ற வழக்கமே இவ்வூரிலிருந்துதான் பிறந்தது என்றும், இந்த விமானத்தைப் பார்த்துத்தான் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பினான் என்றும் சொல்வார்கள். இவற்றை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஊர் தன் கோயிலை எப்படிப் படிக்கிறது என்பதற்கு இவை நல்ல சான்றுகள்: இறைவன் ஏறிய தேர் இங்கேயே நின்றுவிட்டது என்று மக்கள் நம்பியிருக்கிறார்கள். அதன் தளங்களில் நிறைந்திருக்கும் தேவர் உருவங்களையும், முப்புரம் எரித்த காட்சியையும், தேரின் பல உறுப்புகளாகித் துணைநின்ற தேவர்கூட்டமாகவே அவர்கள் காண்கிறார்கள்.

இந்த உருவங்கள் செங்கல்லின் மேல் சுண்ணச் சாந்தால் ஆன சுதை வேலை. சுதை மழைக்கும் வெயிலுக்கும் உதிரும். குடமுழுக்குத் தோறும் செப்பனிட்டு வண்ணம் பூசுவார்கள். ஆகவே இன்று நாம் பார்க்கும் விரல் பல்லவர் காலத்து விரல் அன்று. அது மடங்கியிருக்கும் முறை மட்டுமே பழையது. பொருள் அழிந்து அழிந்து புதிதாக, இலக்கணம் மட்டும் ஸ்தபதியரின் கைவழியே தலைமுறைதோறும் கடத்தப்பட்டு வந்திருக்கிறது. குறியீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. (பளபளக்கும் இன்றைய எனாமல் வண்ணம் எல்லா முகங்களுக்கும் ஒரே சிரிப்பைக் கொடுத்துவிடுகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. திரிபுராந்தகனுக்கு மட்டும் உரிய நகையைப் பக்கத்தில் நிற்கும் கந்தருவனுக்கும் தீட்டிவிட்டால் கதையின் முடிச்சே அவிழ்ந்துபோகிறது.)

தேர்க்கோயில் என்னும் எண்ணம் இதே மாவட்டத்தில் கல்லாகவே வடிவம் பெற்ற இடங்களும் உண்டு. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் மேலக்கடம்பூரில் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த அமிர்தகடேசுவரர் கோயிலின் கருவறைக்குச் சக்கரங்களும் குதிரைகளும் செதுக்கப்பட்டு, முழுக் கட்டடமும் இழுத்துச் செல்லப்படும் தேராகக் காட்சி தருகிறது. அப்பர் தம் திருத்தாண்டகத்தில் கோயில்களின் வகைகளை அடுக்கும்போது சொல்லும் ‘கரக்கோயில்’ கடம்பூருக்கு உரிய பெயர். சிதம்பரத்தில் கொடிமரத்துக்குத் தெற்கே உள்ள நிருத்த சபையும் குதிரை பூட்டிய தேராகவே அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் இராசராசனின் தாராசுரத்தில் முன்மண்டபம் தேராயிற்று. இந்த வரிசையில் குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன, சக்கரத்தின் ஆரங்கள் துல்லியமாகத் தெரிகின்றன, கட்டடமோ அசைவதில்லை. நிலமே தேர் என்று கதை சொல்லியிருக்க, தேரைக் கோயிலாக்கிய சிற்பி கோயிலையே உலகமாக்கிவிட்டான். ஞாயிறும் திங்களும் சக்கரமானால், அந்தத் தேர் ஓடுவது என்பது பகலும் இரவும் மாறுவதுதான். அதற்குத் தனியாக வேறு ஓட்டம் தேவையில்லை.

தேருக்கு நேர்ந்த விபத்தையும் தமிழ் மரபு மறைக்கவில்லை. ‘தச்சு விடுத்தலும் தாமடி யிட்டலும் அச்சு முறிந்ததென்று உந்தீபற’ என்கிறார் மணிவாசகர்: தேவ தச்சர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த தேர், இறைவன் கால் வைத்ததும் அச்சு முறிந்தது. பிள்ளையாரை வணங்காமற் புறப்பட்டதால் முறிந்தது என்பது அச்சிறுபாக்கத்தின் தலவரலாறு. ‘முப்புரம் எரிசெய்த அச்சிவன் உறைரதம் அச்சது பொடிசெய்த அதிதீரா’ என்று அருணகிரிநாதர் பாடியது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். உந்தியார் அடியை அப்படியே எடுத்துக்கொண்டால் பொருள் இன்னும் கூர்மையாகிறது. தேவர்கள் கூட்டித் தந்த கருவி எதுவும் இந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. தேர் முறிந்தது, அம்பு மிகையாயிற்று. தங்கள் உதவியால்தான் வெற்றி கிடைத்தது என்று தேவர்கள் செருக்கியதால் இறைவன் ஆயுதத்தை விட்டுச் சிரித்தான் என்று கூறும் மரபும் இதன் தொடர்ச்சியே.

கருவறை வாயிலின் இருபுறமும் நிற்கும் துவாரபாலகர்களைப் பெரும்பாலோர் கடந்து போய்விடுகிறார்கள். கதாயுதத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு, ஒரு கையால் சுட்டுவிரல் உயர்த்தி எச்சரித்து, மற்றொரு கையை வியப்புக் காட்டி விரித்திருக்கும் இந்த உருவங்கள் எல்லாச் சிவன் கோயில்களிலும் உண்டு என்பதால் கண்ணுக்குப் பழகிவிட்டன. முப்புரக் கதையோடு வைத்துப் பார்த்தால் அவர்கள் யார் என்பது புலப்படும். சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில், மூவெயில் எரிந்தபோது சிவநெறி தவறாமல் இருந்து உயிர் பிழைத்த மூவரில் இருவரை இறைவன் ‘திருக்கோயிலின் வாய்தல் காவலாளர்’ ஆக்கினான் என்றும், மற்றொருவனைத் தன் நடனத்துக்கு மணிமுழா முழக்க வைத்தான் என்றும் பாடுகிறார். உந்தியாரும் ‘உய்யவல்லார் ஒரு மூவரைக் காவல்கொண்டு’ என்று இதையே குறிக்கிறது. அப்படியானால் வாயிலில் நிற்பவர்கள் பகைவனின் ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்களின் கோரைப் பற்களும் பருத்த உடலும் அசுரப் பிறப்பின் அடையாளம்; வியப்பால் விரிந்த கை, தாம் பிழைத்ததையும் உள்ளே இருப்பவனின் பெருமையையும் ஒருசேரக் காட்டுவதாகக் கொள்ளலாம். எல்லாக் கோயிலின் துவாரபாலகரையும் சிற்ப நூல்கள் இந்தக் கதையோடு பிணைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் தேவாரம் ஓதிப் பழகிய தமிழ்ச் செவிக்கு இந்தப் பொருள் கிடைத்திருக்கிறது. அதிகையில் நின்று அதை நினைக்காமல் இருப்பது கடினம்.

மூன்றாமவன் முழக்கிய முழவும் சிற்பத்தில் இடம்பெற்றுவிட்டது. கோபுர வாயிலின் பக்கச் சுவர்களில் கரணம் எனப்படும் நடன நிலைகளில் ஆடும் மகளிரின் சிறு சிற்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. வீரச்செயலுக்குப் பெயர்பெற்ற தலத்தின் வாயிலில் நடனம் எதற்கு என்று கேட்பவருக்குச் சிலப்பதிகாரம் விடை வைத்திருக்கிறது. மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் முதலிரண்டு, முப்புரம் எரிந்தபோது இமையவனாகிய சிவன் ஆடிய கொடுகொட்டியும், தேரின் முன்னே நின்ற திசைமுகனாகிய பிரமன் காண ஆடப்பட்ட பாண்டரங்கமும் ஆகும். எரிந்த ஊரின் சாம்பல் அடங்குமுன்னே ஆடல் தொடங்கிவிடுகிறது. கரணச் சிற்பங்களைச் செதுக்குவித்தவர்களின் மனத்தில் தில்லையின் கோபுரங்கள் இருந்திருக்கும் என்பதே நேரான விளக்கம். இருந்தாலும் வேறெந்த ஊரையும் விட அதிகையில் அந்த நடனத்துக்குக் கதைவழி உரிமை கூடுதலாக உண்டு.

இவ்வளவையும் போர்ச் செய்தியாகவே படித்தவர்கள் அரசர்கள். மேலே சொன்ன புறநானூற்றுப் பாட்டே பாண்டியன் நன்மாறனை, முப்புரம் எரித்தவனின் நெற்றிக்கண் போல மற்ற வேந்தரினும் மேம்பட்டவன் என்று புகழத்தான் அக்கதையை எடுத்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் இரண்டாம் தள மாடங்களில் பெரும்பாலானவற்றில் திரிபுராந்தகனையே மீண்டும் மீண்டும் நிறுத்திய இராசராசனுக்கு அது வெற்றியின் வடிவமாகத் தோன்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுவர். அதிகைக்கும் இத்தகைய தொடர்பு உண்டு: முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் மணவிற் கூத்தன், நரலோகவீரன் என்ற பெயர் பெற்றவன், தில்லையிலும் அதிகையிலும் திருப்பணிகள் செய்து, அவற்றைப் பாடும் தமிழ்ச் செய்யுட்களை இரு கோயில்களிலும் கல்லில் வெட்டுவித்திருக்கிறான். அதற்கும் முன்பு, சமணத்திலிருந்து மீண்ட பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கற்களால் அதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. பாடலிபுத்திரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். பகைவரின் கோட்டை எரிந்த ஊர் என்ற பெயர், மதப்பூசலின் காலத்தில் வெறும் புராணச் செய்தியாக மட்டும் ஒலித்திருக்காது.

இதற்கு நேர்மாறான வாசிப்பை முன்வைத்தவர் திருமூலர், அதுவும் மென்மையாக அல்ல:

‘அப்பணி செஞ்சடை ஆதி புராதனன்
முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள்
முப்புர மாவது மும்மல காரியம்
அப்புரம் எய்தமை யாரறி வாரே.’

ஆணவம், கன்மம், மாயை என்னும், உயிரைப் பிணிக்கும் மூன்று மலங்களே முப்புரம் என்கிறார் அவர். வெளியே மூன்று கோட்டைகள் எரிந்தன என்று நம்புகிறவர்களை மூடர் என்று திட்டும் இந்தக் குரல், சிற்பத்தை நேரடிக் காட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சைவத்தின் உள்ளிருந்தே எழுந்த எச்சரிக்கை. குறியீட்டு விளக்கம் என்பது இக்காலத்தவர் கோயிற்சிற்பத்தின் மேல் ஏற்றிய பொருள் என்று கருதுகிறவர்களுக்கு இந்த ஒரு பாட்டே போதுமான மறுப்பு. இதே திருவதிகையில் பிறந்த மனவாசகங்கடந்தார், சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மாணவர், கூத்தன் வடிவத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தொழில் வகுத்தார். ‘தோற்றம் துடியதனில் தோயும் திதியமைப்பில், சாற்றியிடும் அங்கியிலே சங்காரம்’ என்று, உடுக்கையில் படைப்பும், அமைத்த கையில் காப்பும், ஏந்திய தீயில் அழிப்பும், ஊன்றிய காலில் மறைப்பும், தூக்கிய காலில் வீடும் இருப்பதாக உண்மை விளக்கத்தில் பாடியிருக்கிறார். நடராசர் வடிவத்துக்கு இன்று உலகெங்கும் சொல்லப்படும் விளக்கத்தின் ஊற்று இந்தச் சிறு வெண்பாதான். எரிந்த கோட்டையை மலமாகப் படிக்கக் கற்ற ஒருவர், ஏந்திய தீயை அருட்செயலாகப் படிப்பதில் வியப்பில்லை.

எல்லாவற்றிலும் குறியீடு தேட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அதிகைக் கருவறையில் உள்ள இலிங்கம் பதினாறு பட்டைகள் கொண்டது. பதினாறு பேறுகள் என்றும் பதினாறு கலைகள் என்றும் அதற்கு விளக்கம் சொல்வார்கள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலிலும் இதே போன்ற பட்டை இலிங்கங்கள் உள்ளன. தாராலிங்கம் என்னும் அந்த வகை பல்லவர்கள் விரும்பிய வடிவம். பட்டையின் எண்ணிக்கையைப் பேற்றின் எண்ணிக்கையாக்குவதை விட, இக்கருவறை பல்லவர் காலத்தோடு கொண்ட உறவின் தடயமாக அதைக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

சிற்பத்தை வெளியே வந்து நடமாட விடும் வழக்கமும் இங்கே உண்டு. வைகாசிப் பெருவிழாவில் தேரோட்டத்தின்போது முப்புரம் எரிக்கும் நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. விமானத்தில் நின்றுவிட்ட தேர் அன்று வடம் பிடித்துத் தெருவில் ஓடுகிறது. கார்த்திகையில் சிவன் கோயில்களின் முன் பனையோலை வேய்ந்து கொளுத்தும் சொக்கப்பனையும் முப்புரம் எரிந்ததன் நினைவே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

சூலை நோயால் வாடிய மருணீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலிருந்து தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து, ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று தம் முதற்பதிகத்தைப் பாடி அப்பராக ஆனது இக்கோயிலில்தான். இந்த வடிவத்தைப் பற்றி அவர் விட்டுச்சென்ற வாக்கு ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். மன்னன் ஏவிய யானை எதிரே வந்தபோது அவர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும் அதிகைப் பதிகம் ‘சுண்ணவெண் சந்தனச் சாந்தும் சுடர்த்திங்கட் சூளாமணியும்’ என்று தொடங்கி, தோலாடையும், பவள நிறமும், ஏறும் (காளையும்), மார்பில் வளைந்த அரவும் என்று இறைவனின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. சிற்ப இலக்கணம் எழுதுகிறவரின் வரிசைதான் அது. அந்த வரிசையின் கடைசியில் அப்பர் வைத்திருப்பது மழுவும் அன்று, வில்லும் அன்று. ‘திண்ணன் கெடிலப் புனலும் உடையார்’ என்று ஊரின் ஆற்றை வைக்கிறார். கோட்டை எரித்த தீயைப் பற்றி அந்த அடிகளில் ஒரு சொல்லும் இல்லை. பிறையும் பாம்பும் எந்த ஊர்ச் சிற்பியும் செதுக்கக் கூடியவை. கெடிலத்தை எவரும் செதுக்கியதில்லை. அது கோயிலுக்குத் தெற்கே, பாதிரிப்புலியூரை நோக்கி ஓடுகிறது.